வலிப்பு மருந்தும் நித்திரையும்: ஒரு வரலாற்று நோக்கு

அரசர்களின் வெற்றி தோல்விகளையும் ஆட்சி மாற்றங்களையும் ஆராய்வதே வரலாறு என்னும் எண்ணம் நம் மாணவரிடையே இன்னும் நிலவுகின்றது. வீட்டு அலுமாரியிற் கிடக்கும் ஒரு சிறு குளிசைக்கும் வரலாறு உண்டு. இதனை எனக்கு உணர்த்தியவர் எமது கல்லூரியின் பழைய மாணவரான முதியவர் ஒருவர். எழுதுவினைஞராகச் சேவை புரிந்து ஓய்வு பெற்ற அவர், மனைவியை இழந்த பின்னர் நித்திரையின்மையாலும் மனப் பதகளிப்பாலும் வருந்தி, வைத்தியரிடம் சென்று கபாபென்ரின் என்னும் மருந்தைப் பெற்றுவந்தார். பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்டிருந்த தாளை வாசித்தபோது, அது காக்கைவலிப்பு நோய்க்குரிய மருந்தென அச்சிடப்பட்டிருக்கக் கண்டார். நித்திரை தர வந்த குளிசையே அன்றிரவு அவர் நித்திரையைக் கெடுத்துவிட்டது. மறுநாள் என்னிடம் வந்து, "தம்பி, எனக்கு வாழ்நாளில் ஒருநாளும் வலிப்பு வந்ததில்லையே. வைத்தியர் பிழைவிட்டாரோ? அல்லது எனக்குத் தெரியாத நோய் ஏதும் எனக்கு உண்டோ?" என்று வினவினார்.

யான் வைத்தியன் அல்லேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையின் பெரும்பகுதி வைத்திய நூல்களிலன்றி வரலாற்றிலேயே கிடக்கின்றது என்பதைத் தேடத் தேட அறிந்தேன். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரையாகும்.

முதலில் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். ஒரு நாட்டின் மருந்து அதிகாரசபை ஒரு மருந்தை அனுமதிக்கும்போது, அஃது இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இன்னாருக்குக் கொடுக்கத்தக்கது என்று வரையறுத்து ஒரு விவரச்சீட்டை ஏற்றுக்கொள்கின்றது. அவ்வரையறைக்கு அப்பால், வேறொரு நோய்க்கு அம்மருந்தைக் கொடுப்பதைச் சீட்டுக்குப் புறம்பான பிரயோகம் எனலாம். இது குற்றமன்று, பல நாடுகளிலும் வைத்தியருக்கு உள்ள உரிமையேயாகும். ஐக்கிய அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டில் வைத்தியர் எழுதிய மருந்துகளை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு சீட்டுக்குப் புறம்பாகவே எழுதப்பட்டதெனக் கணித்தது. அவ்வாய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட மருந்துகளுள் முன்னணியில் நின்றது கபாபென்ரினே. அது எழுதப்பட்ட நூறு தடவைகளில் எண்பத்து மூன்று தடவை, சீட்டிற் சொல்லப்படாத நோய்களுக்காகவே எழுதப்பட்டிருந்தது. ஆகவே அம்முதியவரின் நிலை விதிவிலக்கன்று.

வலிப்பை அடக்கும் மருந்து எவ்வாறு நித்திரையற்றவனின் தலையணைக்கு வந்து சேர்ந்தது? இவ்வினாவுக்கு விடைகாண நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செல்லுதல் வேண்டும்.

1826ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரில் பலார் என்னும் இளம் இரசாயன அறிஞர் கடலுப்பு நீரிலிருந்து புரோமீன் என்னும் மூலகத்தைப் பிரித்தெடுத்தார். அதன் உப்புகளுள் ஒன்றான பொற்றாசியம் புரோமைட்டு பல நோய்களுக்குக் கொடுக்கப்பட்டுப் பெரும் பயன் எதுவும் காணாதிருந்தது. 1857ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி இலண்டனில் வைத்தியர் சபையொன்றிலே காக்கைவலிப்புப் பற்றிய கட்டுரையொன்று வாசிக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்த உரையாடலில், விக்டோரியா மகாராணியாரின் பிரசவ வைத்தியரான சேர் சார்ள்ஸ் லோகொக் எழுந்து, மாதவிடாய்க் காலத்தில் வலிப்புக்கு ஆளாகும் பெண்கள் பதினால்வர் அல்லது பதினைவருக்குத் தாம் இவ்வுப்பைக் கொடுத்ததாகவும், ஒருவரைத் தவிர ஏனையோர் குணமடைந்ததாகவும் தெரிவித்தார். வலிப்பு நோய்க்கு உண்மையிற் பயன்பட்ட முதல் மருந்து இதுவே என்பர் வைத்திய வரலாற்றாசிரியர்.

லோகொக்கின் மருந்து பயன்பட்டது. ஆனால் அவர் கொண்ட காரணம் பிழையானது. புரோமைட்டு காமவுணர்ச்சியைத் தணிக்கும் என்று ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு குறிப்பை அவர் வாசித்திருந்தார். காமக் கிளர்ச்சியே வலிப்புக்கு ஏதுவாகும் என்பது அக்காலத்தார் பலரின் நம்பிக்கை. அதனைத் தணிப்பது இதனையும் தணிக்கும் என்று அவர் கருதினார். அவர் கருதிய தொடர்பு இல்லையெனினும் வலிப்புக் குறைந்தது. பிழையான வழியிற் சென்றவர் சரியான ஊரை அடைந்ததுபோன்ற இந்நிகழ்ச்சி, இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழக் காண்போம்.

வலிப்பு நோயாளர் புரோமைட்டால் அமைதியுற்றதைக் கண்ட வைத்தியர், வலிப்பில்லாதோரும் அதனால் அமைதியடைவர் என முடிவு செய்தனர். நரம்புத் தளர்ச்சி, மனக்கலக்கம், நித்திரையின்மை என்று வந்தோர் யாவருக்கும் புரோமைட்டு கொடுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேனாடுகளில் அது வைத்தியரின் சீட்டின்றியே கடைகளிலும் பெறத்தக்கதாயிருந்தது. இதுவே நம் பொருளின் முதல் அத்தியாயமாகும். அக்காலத்தில் விவரச்சீட்டும் இல்லை, அதனை வரையறுக்கும் சட்டமும் இல்லை. ஆயினும் ஒரு நோயிற் பெற்ற நற்பெயரை மற்றொரு நோய்க்குக் கடனாகக் கொடுக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அக்கடனுக்கு வட்டியும் செலுத்த வேண்டியதாயிற்று. உடலிற் சேர்ந்த புரோமைட்டிற் பாதி வெளியேறுவதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்கள் செல்லும். இரவுதோறும் அருந்துவோரின் உடலிலே நேற்றையது போகுமுன் இன்றையது வந்து சேர, அது மெல்ல மெல்லப் பெருகும். பெருகியபோது தோலிற் கொப்புளங்கள் தோன்றும், நினைவு தடுமாறும், இல்லாத உருவங்கள் தோன்றும், பேசாத குரல்கள் கேட்கும். நித்திரைக்கு மருந்துண்டவர் மனநோயாளராக வைத்தியசாலையை அடைதலும் உண்டு. மருந்தினால் விளைந்த கலக்கத்தைத் தணிக்க அம்மருந்தையே மேலும் கொடுத்த நிகழ்ச்சிகளும் இருந்தன.

இவ்விடத்தில் எமது நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வோ நெடுங்காலமாக நித்திரையின்மையால் வருந்திக் குளோரல், புரோமைட்டு ஆகியவற்றை அளவின்றி அருந்தி வந்தவர். 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடல்நலம் தேறும்பொருட்டும் எழுதிக்கொண்டிருந்த நூலை முடிக்கும்பொருட்டும் இலங்கை நோக்கிக் கப்பலேறினார். நடுக்கடலில் அவருக்குக் குரல்கள் கேட்கலாயின. கப்பலிலுள்ளோர் தம்மை இகழ்வதாகவும் தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாகவும் அவர் நம்பினார். எகிப்தின் துறைமுகத்திற் கப்பலை விட்டிறங்கி விமானமூலம் கொழும்பை அடைந்தார். குரல்களோ இங்கும் அவரைத் தொடர்ந்தன. இங்கிலாந்துக்கு மீண்ட பின்னர், இது புரோமைட்டு நஞ்சாதலின் விளைவென வைத்தியர் கண்டறிந்து அம்மருந்தை நிறுத்தவே குரல்களும் நின்றன. இவ்வனுபவத்தை அவர் கில்பேட் பின்போல்ட் என்பவனின் சோதனை பற்றிய நாவலாக 1957இல் வெளியிட்டார். லோகொக் இலண்டனிற் பேசியது 1857இல். அன்று தொடங்கிய ஒரு நம்பிக்கையின் மறுபக்கத்தை, சரியாக ஒரு நூற்றாண்டின் பின் ஒரு நாவல் உலகுக்குக் காட்டியது.

இனி இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவோம். 1903ஆம் ஆண்டில் ஜேர்மனியில் எமில் பிஷர், யோசப் வொன் மேறிங் என்னும் அறிஞர் இருவரும் பாபிற்றல் என்னும் நித்திரை மருந்தை வெளிப்படுத்தினர். வெரோனல் என்னும் பெயரில் அது விற்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பீனோபாபிற்றல், லூமினல் என்ற பெயருடன் 1912இற் சந்தைக்கு வந்தது. அதுவும் நித்திரைக்குரிய மருந்தாகவே வந்தது. அவ்வாண்டிலே பிறைபேர்க் நகரில் அல்பிரெட் ஹௌப்ட்மன் என்னும் இளம் வைத்தியர் வலிப்பு நோயாளரைப் பராமரித்து வந்தார். அவர் வசித்த அறை நோயாளர் விடுதிக்கு மேலே இருந்ததென்றும், இரவில் அவர்களுக்கு நேர்ந்த வலிப்புகளால் அவருடைய நித்திரையே குலைந்ததென்றும், அவர்கள் அமைதியாக உறங்கட்டும் என்று லூமினலைக் கொடுத்தாரென்றும் கூறுவர். அவர் எதிர்பாராதது ஒன்று நிகழ்ந்தது. இரவில் மட்டுமன்றிப் பகலிலும் வலிப்புகள் குறைந்தன. ஹௌப்ட்மன் அதனைக் கவனித்துக் குறித்துக் கட்டுரையாக வெளியிட்டார். புரோமைட்டு வலிப்பிலிருந்து நித்திரைக்குச் சென்றது. லூமினலோ நித்திரையிலிருந்து வலிப்புக்கு வந்தது. பிற்காலத்தில் யூதர் என்ற காரணத்தால் நாசி ஆட்சியினரின் கொடுமைக்கு உள்ளாகி, தாய்நாட்டை விட்டு வெளியேறி, 1948இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் அவர் காலமானார். அவர் கண்ட மருந்து இன்றும் உலகின் பல வைத்தியசாலைகளில் வலிப்பு நோயாளரைக் காத்துவருகின்றது.

ஹௌப்ட்மன் செய்ததும் ஒருவகையிற் சீட்டுக்குப் புறம்பான பிரயோகமே. வைத்தியன் தன் கண்முன் உள்ள நோயாளனை நோக்கி, ஒன்றை முயன்று, விளைவைக் கவனித்து, பிறர் சோதிக்கும்படி வெளியிடுவானாயின் அதனால் உலகம் பயனடையும் என்பதற்கு அவர் சான்றாவார். இதனை மறந்து, சீட்டிற் சொல்லாத யாவும் தீது எனக் கூறுதல் நேர்மையாகாது.

ஆயினும் பாபிற்றல் குடும்ப மருந்துகளும் தமக்குரிய விலையைப் பெற்றன. அளவு சிறிது மிஞ்சினும் உயிருக்கு ஆபத்து. நெடுநாள் அருந்தியோர் அவற்றை விடமுடியாத நிலையை அடைந்தனர். 1950இல் அமெரிக்காவின் லெக்சிங்ரன் நகரில் ஹரிஸ் இஸ்பெல் என்பவரும் துணைவரும் சிறைவாசத்திலிருந்த சிலருக்கு இம்மருந்துகளைப் பெருமளவிற் பலநாள் கொடுத்துப் பின் திடீரென நிறுத்திப் பார்த்தனர். வலிப்பு நோயே இல்லாதோருக்கு வலிப்பு உண்டாயிற்று. அச்சோதனையின் அறம் இன்று நமக்கு உவப்பானதன்று. ஆனால் அது காட்டிய உண்மை மறக்கத்தக்கதன்று: வலிப்பை அடக்கும் மருந்தைச் சடுதியாக நிறுத்தினால் அதுவே வலிப்பை அழைத்து வரலாம்.

இக்காலம்வரை வைத்தியர் மனத்தில் ஒரு சமன்பாடு நிலைபெற்றிருந்தது. வலிப்பை அடக்குவது மூளையை மந்தமாக்குவதே. ஆதலின் வலிப்பு மருந்தும் நித்திரை மருந்தும் ஒன்றே என்பது அது. அச்சமன்பாட்டை உடைத்தவர்கள் பொஸ்ரன் நகரத்து மெரிற், பட்னம் என்னும் வைத்தியர் இருவராவர். அவர்கள் பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கி, எம்மருந்து அதனைத் தடுக்கும் என ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தனர். பார்க்-டேவிஸ் கம்பனி, நித்திரை தராத காரணத்தால் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருளையும் அவர்களுக்கு அனுப்பியிருந்தது. பெனிற்றோயின் எனப்படும் அப்பொருள் வலிப்பை நன்கு தடுத்தது. ஆனால் உறங்கச் செய்யவில்லை. 1938இல் நோயாளரிடத்தும் அது நிறுவப்பட்டது. வலிப்பைத் தடுப்பது வேறு, மயக்குவது வேறு என்பது அன்று தெளிவாயிற்று.

நிறுவப்பட்ட உண்மையும் விரும்பியவர் மனத்தை எப்போதும் மாற்றுவதில்லை. நியூயோர்க்கின் பெருஞ்செல்வரும் முதலீட்டு நிறுவனமொன்றின் தாபகருமான ஜக் டிறைபஸ் என்பவர் மனச்சோர்வாலும் அச்சத்தாலும் நெடுநாள் வருந்தியவர். 1963இல் அவர் தாமே விரும்பிக் கேட்டு, டிலான்ரின் என்னும் பெயரில் விற்கப்பட்ட பெனிற்றோயினை அருந்தினார்; மனம் தெளிந்ததாக உணர்ந்தார். தாம் பெற்ற பேறு உலகம் பெறுதல் வேண்டுமென்று ஒரு வைத்திய நிதியம் நிறுவி, பல மில்லியன் டொலர்களைச் செலவிட்டார். ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். அவர் மருந்து விற்றவர் அல்லர். அதனால் இலாபம் பெற்றவரும் அல்லர். ஆயினும் பதகளிப்புக்குரிய மருந்தென அதனை அமெரிக்க அதிகாரசபை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவரின் அனுபவம் அவரளவில் உண்மையாயிருக்கலாம்; ஆனால் அஃது ஆயிரவருக்குச் சான்றாகாது. மருந்துண்ட நூறு பேரையும், மருந்தெனத் தோன்றும் வெறுங் குளிசையை உண்ட நூறு பேரையும் எண்ணி ஒப்பிட்டாலன்றி எது மருந்தின் பயன், எது காலத்தின் பயன் என அறிதல் இயலாது.

அவ்வாறு எண்ணிக் காட்டும் கடமையைச் சட்டமாக்கியதும் ஒரு நித்திரை மருந்தின் கதையே. 1957இல் மேற்கு ஜேர்மனியில் நித்திரைக்கும் மன அமைதிக்குமென விற்பனைக்கு வந்த தலிடோமைட்டு, கருவுற்ற தாய்மார் அருந்தியதால் பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவயவக் குறைவுடன் பிறக்கக் காரணமாயிற்று. 1961இன் இறுதியில் அது மீளப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்காது தடுத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்னும் அம்மையார். அதன் விளைவாக 1962இல் அந்நாட்டில் நிறைவேற்றப்பட்ட சட்டத்திருத்தம், மருந்து தீங்கற்றது என்பதோடு, கூறப்பட்ட நோய்க்குப் பயனுள்ளது என்பதையும் கம்பனியே நிறுவிக் காட்டல் வேண்டும் என விதித்தது. வைத்தியர் தம் அறிவுக்கேற்பச் சீட்டுக்குப் புறம்பாக மருந்தெழுதலாம். ஆனால் நிறுவப்படாத பயனைக் கூறிக் கம்பனி விளம்பரம் செய்தலாகாது. இந்த எல்லைக்கோடே இவ்வரலாற்றின் மூன்றாம் அத்தியாயத்துக்குக் களமாகின்றது.

1950இல் மூளையினுள் கபா எனச் சுருக்கமாக வழங்கப்படும் அமினோவமிலம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மூளைக் கலங்களின் மிகைக் கிளர்ச்சியை அடக்கும் இயல்புடையது அது. அதனை ஒத்த மருந்தொன்றைச் செய்தால் வலிப்பை அடக்கலாம் எனக் கருதி, ஜேர்மனியின் கோடெக் கம்பனியைச் சேர்ந்த சற்சிங்கர் முதலானோர் 1970களிற் கபாபென்ரினை ஆக்கினர். கபா என்னும் சொல்லே அதன் பெயரின் தொடக்கமாயிற்று. ஆனால் அம்மருந்து கபாவின் வாயிலாகத் தொழிற்படுவதில்லை என்பதும், நரம்புக் கலங்களிற் கல்சியம் புகும் வாயில்களின் ஒரு பகுதியையே அது பற்றுகின்றது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. லோகொக்கின் கதை மீண்டும் நிகழ்ந்தது. காரணம் பிழை; மருந்து பயனுடையது.

1993ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் அதனை அனுமதித்தது. வளர்ந்தோருக்கு உண்டாகும் ஒருவகை வலிப்புக்கு, வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைமருந்து என்பதே அவ்வனுமதி. நியூரோன்ரின் என்னும் பெயருடன் அதனை விற்றது வோனர்-லம்பேட் கம்பனியின் பிரிவாகிய அதே பார்க்-டேவிஸ். துணைமருந்துக்குரிய சந்தை சிறிது. நித்திரையற்றோர், வலியுடையோர், மனக்கலக்கமுடையோர் தொகையோ பெரிது. 1995இல் ஏறத்தாழ 10 கோடி டொலராயிருந்த அதன் ஆண்டு விற்பனை 2003இல் ஏறத்தாழ 270 கோடி டொலராக உயர்ந்தது. வலிப்பு நோயாளர் தொகை அவ்வெட்டு ஆண்டுகளில் இருபத்தேழு மடங்காகப் பெருகவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

பெருகியது எவ்வாறு என்பதை வெளிப்படுத்தியவர் டேவிட் பிராங்கிளின் என்னும் கலாநிதி. 1996இல் அக்கம்பனியில் வைத்தியருக்கு அறிவியல் விளக்கம் அளிக்கும் பதவியிற் சேர்ந்த அவர், தம் உண்மையான வேலை சீட்டுக்குப் புறம்பான உபயோகங்களைப் பரப்புவதே எனக் கண்டு, சில மாதங்களிலேயே விலகி, பொஸ்ரன் நகர நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார். மனநிலை ஏறியிறங்கும் நோய், பலவகை வலிகள், ஒற்றைத் தலைவலி, கால் அமைதியின்மை என்று பல நோய்களுக்கு அம்மருந்து ஏற்றதெனச் சான்றின்றிப் பரப்பப்பட்டமையும், ஆலோசனைக் கூட்டம் என்னும் பெயரில் வைத்தியருக்குப் பணமும் உல்லாசப் பயணமும் அளிக்கப்பட்டமையும் வழக்கில் வெளிவந்தன. 2004ஆம் ஆண்டு மே மாதத்திற் கம்பனி குற்றத்தை ஏற்று, தண்டமும் இழப்பீடுமாக 43 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. குற்றம் நிகழ்ந்த காலத்தின் பின்னரே, அதாவது 2000இல், அக்கம்பனியைப் பைசர் கம்பனி வாங்கியிருந்தது என்பதையும் நேர்மை கருதிக் கூறுதல் வேண்டும்.

மருந்தின் உண்மைப் பயன் யாது? கம்பனி சார்பிலேயே நடத்தப்பட்ட சோதனைகள் நமக்குக் கலப்பான விடையைத் தருகின்றன. பிறர்முன் பேசவும் பழகவும் அஞ்சும் நோயுடைய 69 பேரிடம் நடத்திய சோதனை 1999இல் வெளியாயிற்று. அதில் மருந்து வெறுங் குளிசையினும் மேலாயிருந்தது. திடீர்ப் பீதி நோயுடைய 103 பேரிடம் நடத்திய சோதனையில் மொத்தத்தில் வேறுபாடு காணப்படவில்லை. மனநிலை ஏறியிறங்கும் நோயில் வெறுங் குளிசை உண்டவர்களே கூடிய நலம் பெற்றனர். ஒரே மருந்து, பெயரளவில் அயல் நோய்கள், முடிவுகளோ வேறு வேறு. ஒரு நோயிற் பெற்ற வெற்றியைக் கொண்டு மற்றொன்றைப் பற்றி ஊகித்தல் ஆகாது என்பதற்கு இதனினுங் கூடிய சான்று வேண்டுவதில்லை.

இக்கதையின் துயரமான பகுதி ரியாகபைன் என்னும் மருந்தைப் பற்றியது. காபிற்றில் என்ற பெயருடன் 1997இல் வலிப்புக்கான துணைமருந்தாக அமெரிக்காவில் அது அனுமதிக்கப்பட்டது. கபாவை மூளையில் நெடிது நிற்கச் செய்வது அதன் தொழில். அதனை விற்ற செபலோன் கம்பனி, பதகளிப்புக்கும் நித்திரையின்மைக்கும் வலிக்கும் அதனைப் பரப்பியது. 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் உணவு, மருந்து நிருவாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. வலிப்பு நோயே இல்லாத, வேறு காரணங்களுக்காக அதனை அருந்திய முப்பதுக்கு மேற்பட்டோருக்கு வலிப்பு உண்டாயிற்று என்பது அச்செய்தி. அவர்களுட் பெரும்பாலோர் மனநோய்களுக்காகவே அதனைப் பெற்றவர்கள். வலிப்பைத் தடுக்க ஆக்கப்பட்ட மருந்து, வலிப்பை அறியாதவருக்கு வலிப்பைக் கொடுத்தது. பதகளிப்புக்கு அது பயன்படுமா என்று முறைப்படி நடத்திய மூன்று பெருஞ்சோதனைகளிலும் வெறுங் குளிசையை அது வெல்லவில்லை. 2008இற் செபலோன் கம்பனி இம்மருந்தும் வேறிரண்டும் பற்றிய வழக்கில் 42.5 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. அமைதி தேடிச் சென்று வலிப்புக்கு ஆளான அம்மனிதரைப் பணத்தொகை எதுவும் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போவதில்லை.

இவற்றைக் கொண்டு வலிப்பு மருந்து பதகளிப்பில் ஒருபோதும் பயன்படாது என்று முடிவு செய்தலும் பிழையாகும். கபாபென்ரினின் இனத்ததான பிரிகபலின் முறையாகச் சோதிக்கப்பட்டு, பொதுவான பதகளிப்பு நோய்க்குரிய மருந்தாக ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006இல் அனுமதி பெற்றது. அதே மருந்து அமெரிக்காவில் அந்நோய்க்கு அனுமதி பெறவில்லை. அத்திலாந்திக் கடலின் ஒரு கரையிற் சீட்டுக்கு உட்பட்டது மறுகரையிற் சீட்டுக்குப் புறம்பானதாகின்றது. குளோனசெப்பாம் என்னும் மருந்தோ 1975இல் அமெரிக்காவில் வலிப்புக்காக அனுமதிக்கப்பட்டு, 1997இலேயே பீதி நோய்க்கும் அனுமதி பெற்றது. நேற்றுப் புறம்பாயிருந்தது இன்று உட்பட்டதாயிற்று. எனவே சீட்டு என்பது இயற்கையின் விதியன்று. ஓரிடத்தில் ஒரு காலத்திற் கிடைத்த சான்றின் பதிவேயாகும். சான்று உண்டா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சான்றோடு சேர்த்துத் தீங்கையும் எண்ணுதல் வேண்டும். 2008இல் அமெரிக்க நிருவாகம் பதினொரு வலிப்பு மருந்துகள் பற்றிய 199 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து, அவற்றை உண்டவரிடையே தற்கொலை பற்றிய எண்ணமும் செயலும் வெறுங் குளிசை உண்டவரிலும் ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது. ஆயிரவரில் ஏறத்தாழ இருவர் என்பது நால்வர் என ஆகும் அளவே அது. எனினும் மனக்கலக்கமுடையவருக்கு மருந்து கொடுப்போர் அறிந்திருக்கவேண்டிய செய்தி. 2019 ஏப்பிரலிற் பிரித்தானியா கபாபென்ரினையும் பிரிகபலினையும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளின் வரிசையிற் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க நிருவாகம், சுவாச நோயுடையோரும் முதியோரும் அபின் வகை மருந்துகளோடு சேர்த்து உண்போரும் இவற்றால் மூச்சுத் தடைக்கு உள்ளாகலாம் என எச்சரித்தது. புரோமைட்டைப் போன்றே இவையும் முதலில் முற்றும் தீங்கற்றவை எனப் புகழப்பட்டவை.

லோகொக் முதல் செபலோன்வரை ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தை நோக்குமிடத்து, ஒரே ஊகம் மீண்டும் மீண்டும் எழுந்ததைக் காண்கின்றோம். வலித்து இழுக்கும் உடலை அடக்குவது அலையும் மனத்தையும் அடக்கும் என்பதே அவ்வூகம். அது முழுப்பொய்யன்று, முழு மெய்யுமன்று. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே சோதித்து எண்ணிப் பார்த்த பின்னரே அதன் மெய்யும் பொய்யும் தெரியவந்தன. ஹௌப்ட்மன் தாம் கண்டதை எழுதிப் பிறர் சோதனைக்கு விட்டார். விற்பனையாளரோ சோதனைக்கு முன்னரே முடிவைக் கூறிவிட்டனர். சீட்டுக்குப் புறம்பான பிரயோகம் இருவர் கையிலும் இருந்தது. அதன் பயனும் கேடும் அவரவர் ஒழுக்கத்தைப் பொறுத்தனவாயின.

இவ்வரலாற்றை அம்முதியவருக்குச் சுருக்கமாகக் கூறினேன். வைத்தியர் பிழைவிட்டார் என்று சொல்வதற்கு எனக்குத் தகுதியில்லை. அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமும் இல்லை. ஆனால் அவர் வைத்தியரிடம் மீண்டும் சென்று கேட்கத்தக்க கேள்விகள் சிலவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இம்மருந்து என் போன்ற நோயாளரிடம் சோதிக்கப்பட்டதா? நான் உண்ணும் ஏனைய மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? எத்தனை நாளைக்கு உண்ணவேண்டும்? நிறுத்தும்போது எவ்வாறு படிப்படியாகக் குறைக்கவேண்டும்? அச்சத்தினால் தாமாகவே ஒரே நாளில் நிறுத்திவிடவேண்டாம் என்பதை இருமுறை வற்புறுத்திச் சொன்னேன்.

ஒரு வாரத்தின் பின் வந்தார். வைத்தியர் பொறுமையாக இருத்திப் பதில் சொன்னாரென்றும், அளவைக் குறைத்தாரென்றும், இரவில் தனித்திருக்காமல் மகள் வீட்டுக்குச் சென்று சில காலம் தங்கும்படி கூறினாரென்றும் சொன்னார். "நித்திரை எப்படி?" என்று கேட்டேன். "முன்னையிலும் பரவாயில்லை, தம்பி. குளிசையாலோ பேரப்பிள்ளைகளாலோ தெரியாது," என்றார்.

ஒருவரை மட்டும் நோக்கி அதனை அறிய முடியாது. அதனாலேதான் பலரை எண்ணிப் பார்க்கும் சோதனை வேண்டப்படுகின்றது. மருந்தைப் பற்றி எவர் எதைக் கூறினும், யார் கூறினார், எவரிடம் சோதித்தார், எத்தனை பேரை எண்ணினார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று வினவும் பழக்கம் நம் மாணவருக்கு வாய்க்குமாயின், வரலாறு கற்ற பயனை அவர்கள் அடைந்தவராவர். ஒரு சாசனத்தை ஆராயும்போது நாம் வகுப்பறையிற் கேட்கும் கேள்விகளும் இவையே.